டிரைவர் சைடு பச்சை

லாரிக்கு ஒயரிங் செய்கிறவன் இடது, வலது என்று பேசமாட்டான். வண்டிக்கு முன்னால் நின்றால் ஒரு கணக்கு, பின்னால் நின்றால் ஒரு கணக்கு, அடியில் மல்லாந்து படுத்தால் எல்லாமே குழப்பம். அதனால் எங்களுக்கு டிரைவர் சைடு, கிளீனர் சைடு, அவ்வளவுதான். எங்கே நின்றாலும் அது மாறாது. திண்டிவனம் பைபாஸில் முப்பது வருஷம் இதை வைத்தே பிழைத்தேன். எனக்குத் தெரியாத வண்டியே இல்லை என்ற திமிரும் கூடவே வளர்ந்தது. எதிர்த்துச் சொல்லக்கூடியவன் ஒருத்தன் இருந்தான், அவனை நான் பேசவிட்டதில்லை.

அவன் என் மனைவியின் தம்பி. விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து பன்னிரண்டு வருஷம் என் கடையில் வேலை பார்த்தவன். கைவேலை சுத்தம், பேச்சு கம்மி. லாரி வந்தால் வேலை, வராவிட்டால் ஸ்டூலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்க வேண்டியதுதான். இந்தப் பிழைப்பைப் பார்த்துச் சலித்துப்போய் அவன் மனைவி பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஒலக்கூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "மாசச் சம்பளத்துல ஒரு வேலை கெடைக்கட்டும், அன்னிக்கே வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் கேட்டதில் தப்பில்லை.

அந்த வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. மயிலம் போகிற வழியில் ஒருவர் ஃபைபர் படகு கட்டும் ஷெட் வைத்திருக்கிறார். மீன்பிடிப் படகுகளாகவே செய்துகொண்டிருந்தவருக்கு முதல்முறையாகப் பாய் கட்டி ஓடும் கேட்டமரான் ஒன்றுக்கு ஆர்டர் வந்தது. இரண்டு நீளப் படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, நடுவில் ஓர் அறையைக் கட்டியது போல இருக்கும். சுற்றிலும் வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லை, நடுவில் கடலுக்குப் போகிற படகு. அதற்கு விளக்குகளைத் தேர்ந்தெடுத்துப் பொருத்தும் வேலையை எங்களுக்குக் கொடுத்தார். "இத நல்லா முடிச்சுக் குடுங்க. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர பர்மனென்ட்டா எடுத்துக்கறேன்" என்றார். அந்த ஒருத்தன் மச்சான்தான் என்று என் மனைவியிடம் வாக்குக் கொடுத்தேன். கொடுத்தபோது மனதாரத்தான் கொடுத்தேன்.

லாரிக்குப் போடும் எல்.இ.டி. விளக்கே போதும் என்றேன் நான். அவன் மறுத்துப் பேசவில்லை. ஒரு விளக்கை எடுத்து உப்புத் தண்ணீர் பக்கெட்டில் போட்டு வைத்தான். நாலாம் நாள் எடுத்துக் காட்டினான். திருகாணியெல்லாம் துரு, கண்ணாடிக்குள் தண்ணீர். அதன்பிறகு படகுக்கென்றே செய்த, காற்றுக்கூட நுழையாத விளக்குகளை வரவழைத்தோம். எங்கே பொருத்துவது என்பதிலும் அப்படித்தான். வெளிப்பக்கச் சுவரில் போடு என்றேன். கரையில் கட்டும்போது படகுத்துறைச் சுவரில் உரசிப் போய்விடும், முன்பாயும் மறைக்கும் என்று சொல்லி, முன்பக்கக் கம்பிகளில் உள்வாங்கி வைத்தான். பக்கவிளக்கு நேர் எதிரிலிருந்து பக்கவாட்டைத் தாண்டிக் கொஞ்சம் பின்னால் வரைக்கும்தான் தெரிய வேண்டும். அந்தக் கோணத்தை நூல் கட்டி, தன் பெண் வீட்டில் விட்டுப்போன ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த பாகைமானியை வைத்து அளந்தான். பாயில் ஓடும்போது பாய்மர உச்சியில் சிவப்பு, பச்சை, வெள்ளை மூன்றும் சேர்ந்த ஒரே மூவர்ண விளக்கு, இன்ஜினில் ஓடும்போது கீழே தனித்தனி விளக்குகள். இரண்டும் சேர்ந்து எரிந்துவிடக் கூடாது என்று திருகும் சுவிட்ச் ஒன்றைப் போட்டான். ஒன்றைப் போட்டால் மற்றது தானாக அணைந்துவிடும். நான் பக்கத்தில் நின்று டீ குடித்தேன்.

நான் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். வலது பச்சை, இடது சிவப்பு, பின்னால் வெள்ளை என்று முதலாளி சொன்னதை என் பாஷைக்கு மாற்றி டேப்பில் எழுதி ஒட்டினேன். டிரைவர் சைடு பச்சை, கிளீனர் சைடு சிவப்பு.

பொருத்தும் அன்று மச்சான் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றான்.

"மாமா, இந்தப் படகுல ஸ்டியரிங் இடது பக்கம் இருக்குது. நீங்க ஒட்டினபடி போட்டா பச்சை இடது பக்கம் வருது."

ஏறிப் பார்த்தேன். சக்கரம் இடது பக்கத்தில்தான் இருந்தது. அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஆனால் கீழே ஷெட்டு ஆட்கள் நாலைந்து பேர் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டிரைவர் எங்க உக்காந்தாலும் டிரைவர்தான். சொன்னதப் போடு."

"உச்சி விளக்கு கம்பெனிக்காரன் செஞ்சு குடுத்தது மாமா. அதுல சிகப்பு இந்தப் பக்கம்தான் வருது."

பாய்மரத்தை அப்போது கீழே ஸ்டாண்டில் கிடத்தி வைத்திருந்தார்கள். "அது படுத்துக்கினு இருக்குது. நிமுத்தினா மாறும்" என்றேன். கம்பத்தை நிமிர்த்தினால் இடது வலதாகிவிடும் என்று கூசாமல் சொன்னேன். ஒருத்தன் சிரித்தான். அந்தச் சிரிப்பு மச்சானைப் பார்த்துத்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

எங்கள் குடும்பத்தில் அக்கா புருஷனை நாலு பேர் முன்னால் எதிர்த்துப் பேசும் வழக்கம் கிடையாது. "சரிங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போட்டான்.

சோதனைக்கு ஓர் அதிகாரி வந்தார். பட்டப்பகல். ஷட்டரை இறக்கி, ஜன்னல்களில் தார்ப்பாய் கட்டி, சுவிட்சைத் திருகினோம். படகுக்கு முன்னால் போய் நின்றவர் இரண்டு விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எதிர்ல வர்ற கப்பல்காரன் இதப் பாத்தா, நீங்க இந்தப் பக்கம் போறீங்கன்னு நெனப்பான். நீங்க போறது அந்தப் பக்கம். மேல ஏத்திடுவான்."

முதலாளி முகம் செத்துப்போனது. "யாரு போட்டது?" என்றார்.

மச்சான் என்னைப் பார்த்தான். பழி போடும் பார்வை இல்லை அது. நான் வாயைத் திறப்பேன் என்று காத்திருந்தான். நான் திறக்கவில்லை.

"நான்தான் சார் போட்டேன்" என்றான்.

அதற்குப் பிறகாவது நான் சும்மா இருந்திருக்கலாம். "சின்னப் பையன் சார். அன்னிக்கு நான் கூட இல்ல. இனிமே பக்கத்துல இருந்து பாத்துக்கறேன்" என்றேன். அந்தச் சின்னப் பையனுக்கு முப்பத்தெட்டு வயசு. இதை எழுதும்போதும் என் மூஞ்சியில் நானே துப்பிக்கொள்ளத் தோன்றுகிறது.

"நீங்க மட்டும் நாளைலேர்ந்து வாங்க. அவரு வேணாம்" என்றார் முதலாளி. அப்போதும் உண்மையைச் சொல்ல நேரம் இருந்தது. எனக்கு முழங்கால் வலி, லாரிக்கு அடியில் இனி எத்தனை நாள் படுக்க முடியும் என்ற பயம். இதையெல்லாம் காரணமாகச் சொல்லலாம்தான். "சரிங்க சார்" என்றேன்.

மறுநாள் விளக்குகளை மாற்றினேன். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஒயரை சால்டர் செய்து மூடாமல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிளக் வைத்து, தாராளமாக ஒயரும் விட்டிருந்தான். எப்படியும் இதைக் கழற்றி மாற்ற வேண்டி வரும் என்று தெரிந்தே செய்த வேலை அது. யார் மாற்றினாலும் கஷ்டப்படக் கூடாது என்று நினைத்திருப்பான். மாற்றியது நான்.

இப்போது எனக்குச் சட்டைப்பையில் பெயர் தைத்த யூனிஃபார்ம் இருக்கிறது, பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ வருகிறது. மச்சான் கோலியனூர் பக்கம் யாராவது கூப்பிட்டால் போய் போர் மோட்டாருக்கு ஒயரிங் செய்கிறான். அவன் மனைவி திரும்பி வரவில்லை. பெண் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டது.

என் மனைவியிடம் நான் சொன்னது வேறு கதை. தப்பு அவனுடையது, அவனுக்காக முதலாளியிடம் மன்றாடிப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை என்று சொன்னேன். அவள் நம்பினாள். என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவாள்?

போன ஞாயிற்றுக்கிழமை கீரை ஆய்ந்துகொண்டே ஸ்பீக்கரில் போட்டுத் தம்பியிடம் பேசினாள். வழக்கம்போல அந்தப் பேச்சு வந்தது.

"கையில வந்த வேலைய இப்படிக் கெடுத்துக்கினியேடா. ரெண்டு லைட்ட மாத்தி வெக்காம போட முடியாதா உன்னால?"

"என் தப்புதாங்க்கா" என்றான்.

"அங்க உனக்காக மாமா எவ்ளோ பேசினாரு தெரியுமா?"

நான் சோபாவில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று அவள் போனை எடுத்துப் பார்த்தாள்.

"தெரியும்க்கா" என்றான். "நான் பக்கத்துலதான நின்னுக்கினு இருந்தேன்."