ஜெபப் புத்தகத்துக்குள் ஒரு சீட்டு

எங்கள் தெருவில் ஆண்களிடம் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். சங்கு குளிக்கப் போகிறவர்களின் தெரு அது. ஏழெட்டுப் பாகம், அதாவது நாற்பது ஐம்பது அடி ஆழத்தில் மூச்சடக்கிக் கிடந்து வருகிறவனுக்குக் காது என்ன மிஞ்சும்? ஒருவனுக்கு இரைச்சல், ஒருவனுக்கு விசில். என் அப்பாவுக்கு இடது காது அறவே செத்துப்போயிருந்தது. பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் இல்லாத வீடே கிடையாது.

அதனால்தான் எழுபதுகளின் நடுவில் ஒரு மத்தியானம், என் அண்ணன் சோற்றுத் தட்டை ஒதுக்கிவிட்டு, "காதுக்குள்ள ஒரு ஆள் பேசுதான்மா" என்றபோது யாரும் பதறவில்லை.

"பேசத்தானே செய்யுதான்? எனக்கு ஒரு வருஷம் கோவில் மணியே அடிச்சுது" என்றார் அப்பா. "எண்ணெய் விடு. நாலு நாள் சங்கு குளிக்கப் போனா தானா திறந்துக்கிடும்."

"என்ன பேசுதான்னு கேட்டு எங்களுக்கும் சொல்லேன்" என்று நான் கேலி செய்தேன். அவன் சிரிக்கவில்லை. "உங்களைப் பத்தித்தான் பேசுதான்" என்றான்.

ஆறு மாதம் எண்ணெய் விட்டோம். அண்ணன் தூக்கத்தை விட்டான், சவரத்தை விட்டான். தோணியில் உட்கார்ந்து யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பித் திரும்பிப் பார்க்கிறான் என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள். கடைசியில் அம்மா அவனை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு, காது டாக்டரிடம் அனுப்பினாள். பத்தாவது வரை படித்தவள் என்று துணைக்கு என்னை அனுப்பினாள்.

டாக்டர் இரண்டு காதிலும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அவனை வெளியே உட்காரச் சொன்னார். பிறகு என்னிடம் சொன்னார்: "காதுல ஒண்ணும் இல்லம்மா. இது மனசுல வர்ற வியாதி. மருந்து இருக்கு. பாளையங்கோட்டையில இதுக்குன்னு டாக்டர் இருக்கார். சீட்டு தர்றேன், தாமதிக்காம கூட்டிட்டுப் போங்க." தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

அதற்கு முந்தின வாரம்தான் எனக்கு நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்குத் துறைமுக ஆபீசில் வேலை. மாதச் சம்பளக்காரர் எங்கள் தெருவில் பெண் எடுப்பது அப்போது பெரிய அதிசயம். வரும் ஞாயிறு முதல் கோவிலில் எங்கள் கல்யாண ஓலை வாசிக்க இருந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகிறவர்கள் இரண்டு வகை: படிக்கப் போகிறவர்கள், ஜெயிலுக்குப் போகிறவர்கள். மூன்றாவது வகை எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினால் பஸ் ஊர் தாண்டுமுன் செய்தி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். பைத்தியக்காரன் தங்கச்சியை யார் கட்டுவார்கள்? மூன்று ஓலையும் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிவு செய்துவிட்டேன். பத்தொன்பது வயது என்று இப்போது சாக்குச் சொல்லமாட்டேன். எனக்கு எல்லாம் புரிந்துதான் இருந்தது.

"காதுல சவ்வு வீங்கியிருக்காம். எண்ணெயை நிறுத்த வேண்டாம்னு சொன்னாரு" என்றேன் வீட்டில். நம்பினார்கள். அதைத்தானே கேட்கக் காத்திருந்தார்கள்.

மூன்று ஞாயிறும் பூசையில் சாமியார் எங்கள் இருவர் பெயரையும் வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்றார். சீட்டு என் ஜெபப் புத்தகத்துக்குள் இருந்தது. மூன்று ஞாயிறும் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் முழந்தாளில் இருந்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அண்ணன் கொல்லையில் சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். "அவ அப்படிப்பட்டவ இல்லலே. வாய மூடு." யாரைச் சொல்கிறான் என்று நான் யோசிக்கவில்லை. விருந்தாளிகள் காதில் விழாமல் இருக்கக் கொல்லைக் கதவைச் சாத்தினேன்.

கல்யாணம் முடிந்ததும் மாமியார் முகம் கோணாமல் இருக்க வேண்டியிருந்தது. பிறகு வயிற்றில் பிள்ளை. சொல்வதற்கு நல்ல நாள் ஒன்று வரவே இல்லை. இதற்குள் அண்ணனைத் தோணியில் ஏற்ற மாட்டோம் என்று தோணிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பிள்ளை பார்க்க வந்த அம்மா, "காதுக் கோளாறு இல்லளா, பேய்தான்னு ஊர்ல சொல்லுதாவ" என்றாள். பேய் ஓட்டுகிற கோவில் ஒன்றில் நாற்பது நாள் அவனைச் சங்கிலியில் கட்டி வைத்தார்களாம். நான் மடியில் இருந்த பிள்ளையின் துணியை மாற்றினேன்.

கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்து மாதா கோவில் திருவிழாவுக்குப் பிறந்த வீடு போனபோது அவன் கணுக்காலைப் பார்த்தேன். சங்கிலி அறுத்த புண் இன்னும் ஆறாமல் வட்டமாக, ஈ மொய்த்துக் கிடந்தது. அன்றைக்குத்தான் சொன்னேன். அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருடைய வலது காதில் திரும்பத் திரும்பக் கத்திச் சொன்னேன். தெருவுக்குத் தெரியக்கூடாது என்று நான் ஒளித்ததைத் தெருவே வாசலில் வந்து நின்று கேட்டது.

மறுநாள் பாளையங்கோட்டை போனோம். டாக்டர் சீட்டைப் பிரித்தார். பக்கத்து ஸ்டூலில் அண்ணன் இருந்தான்.

"தேதி ரெண்டு வருஷத்துக்கு முந்தி இருக்கே. இவ்வளவு நாள் இது எங்க இருந்தது?"

"எங்கிட்டதான் இருந்துச்சு சார். எனக்குக் கல்யாணம் வச்சிருந்தாங்க."

அவர் சீட்டை மடித்து வைத்தார். மாத்திரை எழுதினார். அண்ணனைப் பார்த்து, "அந்தக் குரல் சொல்றது எதுவும் நெசமில்ல தம்பி. அதை நம்பாம மாத்திரையைச் சாப்பிடணும்" என்று பொறுமையாகச் சொன்னார்.

திரும்பி வரும் பஸ் வல்லநாடு தாண்டியது. அண்ணன், வெகுநாளைக்குப் பின் என்னை நேராகப் பார்த்தான்.

"ஏளா, அந்த ஆள் அப்பவே சொன்னான். உன் தங்கச்சி சீட்ட ஒளிச்சி வச்சிருக்கான்னு. நான் நம்பல. அவ அப்படிப்பட்டவ இல்லன்னு அவன்கூட எத்தனை சண்டை போட்டிருப்பேன், தெரியுமா?"

செத்துப்போனால் தேவலை என்று இருந்தது.

வீட்டில் அம்மா மாத்திரையை அவன் கையில் வைத்தபோது அவன் அதை அவளிடமே திருப்பிக் கொடுத்தான். "எல்லாரும் பொய் சொன்னீங்க. அவன் ஒருத்தன்தான் நெசம் சொன்னான்" என்றான். அதன் பிறகு எவ்வளவு கெஞ்சியும் அவன் ஒரு மாத்திரைகூடச் சாப்பிடவில்லை.