குழாய்க்குள் அப்பா

"பொம்பளப்புள்ள ஒயரப் புடிச்சா குழாயி பேசாதுத்தா, சிரிக்கும்" என்றார் சித்தப்பா.

காரைக்குடியில் மைக்செட் கடை வைத்திருந்தார் அவர். கல்யாணம், காதுகுத்து, தேர்தல் என்று கூம்பு ஒலிபெருக்கிகளை வாடகைக்கு விடுவார். எங்கள் பேச்சில் அவை குழாய்கள். நான் அந்த வருஷம்தான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. அதை மறைத்து வைக்கும் பழக்கம் கிடையாது.

"சிரிச்சா நல்லதுதான சித்தப்பா. உங்க குழாயெல்லாம் இத்தன வருஷமா இருமிக்கிட்டுத்தான இருக்கு" என்றேன்.

சொன்ன பிறகு இருவரும் உள் அறையைப் பார்த்தோம். அப்பா அங்கே படுத்து இருமிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்குத் தொழிலே குரல்தான். மோட்டார் சைக்கிளின் பின்னால் குழாயையும் ஆம்ப்ளிபயரையும் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விளம்பரம் சொல்வார். துணிக்கடைத் தள்ளுபடி, திருவிழா, சர்க்கஸ். எல்லாவற்றையும்விட அதிகமாக, இழவுச் செய்தி. எழுதப் படிக்கத் தெரியாது. சொல்ல வேண்டியதை யாராவது ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும். இறந்தவர் பெயர், யாருடைய மகன், எந்தத் தெரு, எப்போது எடுக்கிறார்கள், எல்லாம் மனதில் தங்கிவிடும்.

தொண்டையில் கட்டி என்று மதுரைக்கு அழைத்துப் போனோம். குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் டாக்டர். "பேச முடியாட்டி என்ன, எழுதிக் காட்டலாம்" என்று ஆறுதலும் சொன்னார். அப்பாவுக்கு எழுதத் தெரியாது என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் வரும்போது அப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வரும் ஊர்களின் பெயரை எல்லாம் மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தார். அங்கேதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது.

என்னோடு படித்தவளின் அண்ணன் சவூதியிலிருந்து ஒரு வாக்மேன் கொண்டு வந்திருந்தார். பதிவும் செய்யக்கூடியது. அதை வாங்கி வந்து அப்பாவின் முன்னால் வைத்தேன். ஆபரேஷனுக்கு முன்னால் அவர் குரலைப் பிடித்துவிட வேண்டும். பிறகு வாக்மேனை வண்டியின் ஆம்ப்ளிபயரோடு இணைத்துவிட்டால் அவர் வண்டியை ஓட்டுவார், குழாய் பேசும். சித்தப்பா கேலி செய்தது இந்தத் திட்டத்தைக் கேட்டுத்தான்.

அப்பா சிரிக்கவில்லை. பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்தார். "பெரியோர்களே, தாய்மார்களே" என்று ஆரம்பித்தார். வழக்கமாக விளம்பரம் தரும் கடைகளின் பெயர்களையும் கிழமைகளையும் சொன்னார். இன்று மாலை, நாளை காலை, அனைவரும் வருக என்றெல்லாம் துண்டு துண்டாகச் சொன்னார். பிறகு ஊர்ப் பெயர்கள்: கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், நேமத்தான்பட்டி. கரகரத்த குரலில்கூட ஒவ்வொரு ஊருக்கும் ஒரு இழுப்பு வைத்திருந்தார்.

"இழவுக்கு உள்ளதையும் சொல்லிருங்கப்பா. காலமானார்னு மட்டும் போதும். பேர நான் மைக்குல சொல்லிக்கிறேன்."

அப்பா வாக்மேனை என் பக்கம் தள்ளினார்.

"அது மாட்டேன்த்தா. பேரு இல்லாம இழவு சொல்லக் கூடாது. சொன்னா, சொன்னவன் வீட்டுக்குத்தான் வரும்."

"அதெல்லாம் யாருப்பா சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் சொல்றேன். போ, டீ போடு."

அதன் பிறகு எவ்வளவு கெஞ்சியும் அந்த ஒரு சொல்லை அவர் சொல்லவில்லை. மறுவாரம் ஆபரேஷன் முடிந்தது. கழுத்தில் ஒரு துளையோடு வந்தார். மூச்சு அதன் வழியாகப் போய் வந்தது. கூப்பிட வேண்டுமென்றால் கட்டிலைத் தட்டுவார். என்ன வேண்டும் என்று நாங்கள் ஒவ்வொன்றாகக் கேட்போம். தண்ணியா, போர்வையா, ஜன்னலைச் சாத்தவா? எதுவும் இல்லை என்று தலையாட்டிக்கொண்டே இருப்பார். கடைசியில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். அவருக்கு என்ன வேண்டியிருந்தது என்பது பல நாள் எங்களுக்குத் தெரியாமலே போனது.

நான் வண்டியில் வேலையைத் தொடங்கினேன். முதலில் வாக்மேனுக்குப் பென்சில் பேட்டரி போட்டுப் பார்த்தேன். பேட்டரி இறங்க இறங்க டேப் மெதுவாகி, அப்பாவின் குரல் இழுபட்டுக் கனத்து, கிணற்றுக்குள்ளிருந்து வேறு யாரோ பேசுவதுபோல ஆனது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "அத நிறுத்துடி!" என்று கத்தினாள். அதனால் வண்டி பேட்டரியிலிருந்தே வாக்மேனுக்கும் கரண்டு எடுத்தேன். அது தாங்கும் அளவுக்குக் குறைக்க நடுவில் ஒரு சின்ன சர்க்யூட் சால்டர் செய்து, சோப்பு டப்பாவுக்குள் வைத்தேன். குரல் கணீரென்று வந்தது. சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பேசுதே" என்றார், கொஞ்சம் ஏமாற்றமாக. "எங்க, வண்டியக் கிளப்பு பாப்பம்."

கிளப்பினேன். குழாயிலிருந்து ஊளை கிளம்பியது. ஆக்சிலேட்டரைத் திருகத் திருக ஊளையும் ஏறியது. "பெரியோர்களே" அதற்குள் முங்கிப் போனது. அதுவரை என்ஜினை நிறுத்தி வைத்துக்கொண்டுதான் எல்லாச் சோதனையும் செய்திருந்தேன். கடையில் மேசை மேல் வைத்து ரிப்பேர் பார்க்கிற எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

"சிரிக்கும்னு சொன்னேன், அழுகுது" என்றார் சித்தப்பா.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவர் போன பிறகு ஒவ்வொரு ஒயராகக் கழற்றிப் பார்த்தேன். வாக்மேனும் ஆம்ப்ளிபயரும் வண்டியின் பேட்டரியைப் பங்குபோட்டன. அவற்றுக்கிடையே குரலைக் கொண்டு போகும் ஒயரிலும், இரண்டையும் இணைக்கும் ஓர் எர்த் கம்பி இருந்தது. என்ஜினின் இரைச்சல் அந்த எர்த் வழியாகவே குரலுக்குள் நுழைந்தது. இரண்டையும் நேரடியாக ஒயரால் இணைக்காமல் குரலை மட்டும் கடத்த வேண்டும். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றைப் பிரித்து, அதிலிருந்த கட்டைவிரல் அளவு டிரான்ஸ்பார்மரை எடுத்து நடுவில் வைத்தேன். வண்டியைக் கிளப்பினேன். ஊளை அடங்கியிருந்தது. என்ஜின் சத்தத்துக்கு மேலே அப்பாவின் குரல் தனியாக வந்தது. சித்தப்பா மறுபடி வந்து கேட்டுவிட்டு, சோப்பு டப்பாவைத் திறந்து உள்ளே பார்த்தார். அவர் பார்த்ததை நான் ரசித்தேன்.

துணிக்கடை விளம்பரம் ஒன்று கிடைத்தது. அப்பா கழுத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டார். செம்மண் தூசி துளைக்குள் போகக் கூடாது. வேண்டிய துண்டைத் தேடிப் பட்டன் அழுத்த நான் பின்னால் உட்கார்ந்தேன். கோட்டையூரில் குழாய் பேசியதும் டீக்கடையிலிருந்து ஒருவர் ஓடி வந்தார்.

"அண்ணே! குரல் திரும்பிருச்சா? நல்லாருக்கீகளா?"

அப்பா திரும்பினார். துண்டு விலகியது. அந்த மனிதர் கழுத்தையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். குழாய் "அனைவரும் வருக, வருக" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு கடைக்குள் போய்விட்டார். கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த பெரிய வீடுகளின் சுவரில் பட்டு அப்பாவின் குரல் திரும்பி வந்தது. முன்னால் இருந்த அவருடைய முதுகு விறைத்தது. வீடு வரும்வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை.

சில நாள் கழித்து நேமத்தான்பட்டியிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். அவனுடைய தகப்பனார் இறந்திருந்தார். சுற்றுப்பட்டு ஊர்களுக்குச் சொல்ல வேண்டும்.

"உங்கப்பா குரலு டேப்புல இருக்குதான?" என்று கேட்டான்.

எல்லாமும் இருந்தது. கிழமை இருந்தது, ஊர் இருந்தது. அந்தச் சொல் மட்டும் இல்லை.

"நான் மைக்குல சொல்றேன்" என்றேன்.

சித்தப்பா கை ஓங்காத குறைதான். "இழவுக்குப் பொம்பள அழுவா, சொல்ல மாட்டா. நம்ம பக்கத்துல எங்கிட்டாச்சும் கேட்டிருக்கியா? உங்கப்பன் பேரக் கெடுத்துராத."

அந்த இளைஞன் எங்களை மாறி மாறிப் பார்த்தான். அப்பா எழுந்து வந்தார். வண்டிக்குப் போய், வாக்மேன் ஒயரின் பின்னை ஆம்ப்ளிபயரிலிருந்து பிடுங்கினார். நான் அத்தனை பாடுபட்டுப் பொருத்தியது. அவர் மைக்கை எடுத்து என் கையில் திணித்தார். பிறகு அந்த இளைஞனின் தோளைத் தொட்டு, என்னைக் காட்டினார். பெயரை என்னிடம் சொல்லச் சொன்னார் என்பது எல்லோருக்குமே விளங்கியது. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சொன்னதை முதல் தடவையிலேயே நாங்கள் புரிந்துகொண்டது அன்றுதான்.

அப்பா ஓட்டினார். நான் பின்னால் இருந்து பெயரைச் சொன்னேன், தகப்பன் பெயரைச் சொன்னேன், பிறகு காலமானார் என்றேன். என் குரல் மெலிதாக இருந்தது. தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். "எவடி அவ?" என்றாள் ஒருத்தி. அடுத்த தெருவில் நான் பெயரைச் சொல்லி முடிக்கும் முன்பே ஒரு வீட்டுக்குள்ளிருந்து "ஐயோ, எங்கண்ணே!" என்று அலறல் வந்தது. நான் மைக்கை வாயிலிருந்து இறக்கினேன். அப்பா வண்டியை நிறுத்தவில்லை. அந்த வீடு தாண்டும்வரை வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார், அவ்வளவுதான். இத்தனை வருஷமும் அவர் இந்த அலறல்களை எழுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்போது கட்டி மறுபடி வந்திருக்கிறது. அப்பாவால் வண்டியில் உட்கார முடியவில்லை. மதுரைக்கு இனிமேல் அலைய வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அடுத்து எந்தப் பெயரை நான் சொல்ல வேண்டியிருக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கேசட்டில் வேறு எதையும் யாரும் பதிந்துவிடாதபடி அதன் முதுகிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிட்டு, அலமாரியில் வைத்திருக்கிறேன். அதைப் போடச் சொல்லி அவர் சைகை காட்டியதில்லை.

லைசென்ஸ் வாங்கிவிட்டேன். மைக்கை ஹேண்டில்பாரில், என் வாய் உயரத்துக்கு ஒரு கம்பி வைத்துக் கட்டியிருக்கிறேன். இன்று காலை பள்ளத்தூரிலிருந்து ஆள் வந்தது. இறந்தவர் பெயரை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன், தாளை வாங்கவில்லை. அப்பா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டியை உதைத்துக் கிளப்பினேன்.