டோரீன் வீட்டு பீர் குழாய்

எங்கள் தெருவில் பிடிவாதத்துக்குப் பெயர்போனவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். டோரீன் சக்டன், இங்கிலாந்தில் எங்கள் ஊரான கீத்லியின் பள்ளிக்கூடச் சமையலறையை முப்பது வருஷம் கட்டி ஆண்டவள். அவள் கணவன் வில்ஃப், என்னோடு கம்பளி ஆலையில் வேலை பார்த்தவன். நான் அடுத்த வீடு.

அந்த வருஷம் பிப்ரவரியில் உறைபனியில் வழுக்கி விழுந்து வில்ஃப் இடுப்பெலும்பை முறித்துக்கொண்டான். ஆபரேஷன் ஆயிற்று, எலும்பும் கூடிவிட்டது. ஆனாலும் நடக்கவில்லை. பயம். கேட்டால் வலி என்பான். ஜூன் வந்தும் சக்கர நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இன்னும் இரண்டு மாதம் இப்படியே உட்கார்ந்திருந்தால் பிறகு நடக்கவே முடியாது என்று டாக்டர் டோரீனிடம் சொல்லிவிட்டார்.

மேட்டுமேல் இருக்கும் பப்பில் எங்களுக்கென்று ஒரு மேசை உண்டு. ஹெட்லி, ராய்ஸ்டன், வில்ஃப், நான். அவன் இல்லாமல் மூன்று பேராக உட்கார்ந்து, போய்ப் பார்க்கவேண்டும் என்று வாராவாரம் சொல்லிக்கொண்டோம். அடுத்த வீட்டுக்காரனான நானே நாலு மாதத்தில் இரண்டு தடவைதான் எட்டிப் பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது தடவை போனபோது டோரீன் டின் பீரை ஊற்றிக் கொடுத்தாள். வில்ஃப் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"பாத்திரம் கழுவுன தண்ணி. குழாயில புடிச்ச பீர் வீட்ல இருந்தா சொல்லு, நடந்தே வந்து குடிக்கிறேன்."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான். நீ பப்பையே பேத்து எடுத்துட்டு வரப்போறியாக்கும்!"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் பேப்பரும் பென்சிலும் எடுத்தாள்.

கார் ஷெட்டில் கிடந்த பழைய ஃப்ரிட்ஜைத் துடைத்து, உள்தட்டுகளை உருவிப் போட்டாள். முப்பது லிட்டர் பீப்பாய் நிற்க இடம் வேண்டுமே. பக்கத்திலேயே சின்னதாக ஒரு கார்பன் டை ஆக்சைடு கேஸ் சிலிண்டர். பீப்பாய்க்குள் இருக்கும் பீரை வெளியே தள்ளுவது அதுதான். சிலிண்டர் தலையில் அழுத்தம் காட்டும் முள் வைத்த ரெகுலேட்டர். பீர் வரும் ட்யூபைப் பீப்பாய் வாயோடு இணைக்க ஒரு பூட்டு வாங்கி வந்தாள், பொருந்தவில்லை. கம்பெனிக்குக் கம்பெனி பீப்பாய் வாய் மாறும் என்று கடைக்காரன் சொல்லவே இல்லையாம். அவனை அவள் கேட்ட கேள்வியில் அவனே சரியான பூட்டை வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். கதவில் குழாய் வைக்கத் துளை போட நான் வரட்டுமா என்று கேட்டேன்.

"ட்ரில்ல மட்டும் குடு கிளிஃப். நீ வேணாம்."

எல்லாம் மாட்டி, கீழே சொட்டுத் தட்டும் வைத்துக் குழாயைத் திறந்தாள். நுரை. கிளாஸ் முழுக்க நுரை. ரெகுலேட்டரைக் குறைத்தாள், கூட்டினாள், பீப்பாயை ஒரு நாள் முழுக்கக் குளிரவிட்டாள். மூன்று நாளும் நுரைதான்.

வில்ஃப் ஜன்னல் வழியாகக் கத்தினான்: "என்ன டோரீன், துணி துவைக்கிறியா?"

"வந்து மூஞ்சில பூசிக்கோ, ஷேவ் பண்ணி விடுறேன்!" என்று பதிலுக்குக் கத்தினாள். கண்கள் மட்டும் சிவந்திருந்தன.

நாலாவது நாள் நேராக மேட்டுக்குப் போய், பப் நடத்தும் பெர்னிஸைத் தள்ளிக்கொண்டு நிலவறைக்குள் இறங்கினாள். அங்கே ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் ட்யூப் சுருள் சுருளாக நீண்டு போயிற்று. இவளோ தன் ட்யூபை ஒரு முழம் விட்டு மிச்சத்தை வெட்டி எறிந்திருந்தாள். சமையலறையில் எதுவும் தொங்கக் கூடாது என்று முப்பது வருஷம் பிள்ளைகளையும் வேலைக்காரர்களையும் விரட்டிய கை அல்லவா.

பெர்னிஸ் சிரித்தாள். "ஏம்மா, பீப்பாயிலிருந்து பீரு பாய்ஞ்சு வருது. நீளமான ட்யூப்ல வந்தாதான் வேகம் அடங்கும். நீ வெட்டிட்டா, அது கிளாஸ்ல வந்து குதிக்காம என்ன பண்ணும்?"

மூன்று மீட்டர் ட்யூப் வாங்கி மாட்டினாள். அன்று சாயங்காலம் தெளிந்த பொன்னிறத்தில், மேலே இரண்டு விரல் நுரையோடு ஒரு கிளாஸ் கிடைத்தது. வில்ஃபுக்குக் காட்டாமல் அதைக் கொட்டிவிட்டு நேராக என் கதவைத் தட்டினாள்.

"சனிக்கிழம நாலு மணிக்கு நீங்க மூணு பேரும் எங்க ஷெட்டுக்கு வர்றீங்க. கூப்பிடல, சொல்றேன்."

போனோம். வில்ஃபும் வந்தான், நாற்காலியை உருட்டிக்கொண்டு.

"நடந்து வர்றேன்னு சொன்ன" என்றாள் டோரீன்.

"வர்றேன்னேன், வந்துட்டேன்ல? எப்படி வந்தா என்ன?"

அவள் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளிமேல் உட்கார்ந்தாள். எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது.

முதல் சுற்று ஹெட்லியுடையது. எழுந்து நாலு கிளாஸ் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். அடுத்தது ராய்ஸ்டன். அப்புறம் நான். எங்கள் ஊரில் முறை அதுதான். யார் சுற்றோ அவன் எழுந்து போய் வாங்கி, மற்றவர்கள் கையில் கொடுக்கவேண்டும். ஒருவனைத் திருடன் என்று சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வான், சுற்றை ஏமாற்றினான் என்று சொன்னால் சாகிறவரைக்கும் மன்னிக்கமாட்டான்.

நாலு கிளாசும் காலியாயின. அடுத்த சுற்று வில்ஃபுடையது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஹெட்லி நல்ல மனசோடு எழுந்தான்.

"நீ இரு வில்ஃப். ஒனக்குப் பதிலா நானே—"

"உக்காருடா!" வில்ஃபின் முகம் இரத்தமாகச் சிவந்தது. "நாப்பது வருஷத்துல என் சுத்த எவனாவது குடுத்திருக்கானா?"

நாற்காலிக் கையை இறுகப் பிடித்து எழுந்தான். டோரீன் பாய்ந்து வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள், ஏப்ரனுக்குள் கைகளைச் சுருட்டிக்கொண்டாள். ஃப்ரிட்ஜுக்கு ஆறு அடி. ஒரு கையில் நாற்காலியில் மாட்டிக் கிடந்த தடி, மறு கையில் கிளாஸ். ஒரு நடைக்கு ஒரு கிளாஸ்தான் கொண்டுவர முடிந்தது. கால் நடுங்கியது, வியர்வை கொட்டியது. எங்கள் மூன்று பேருக்கும், தனக்கும் என்று நாலு நடை. இருபது நிமிஷம் ஆயிற்று. அதுவரை யாரும் கிளாஸை வாயில் வைக்கவில்லை.

அப்புறம் அவன் ஐந்தாவது தடவையும் போனான். கொண்டுவந்து டோரீனிடம் நீட்டினான்.

"புடி. அடுத்த சுத்து ஒன்னோடது."

அவள் வாங்கிக்கொண்டாள்.

"பாதிய வழியிலயே கொட்டிட்டியேய்யா" என்றாள். சொல்லும்போதே அழுதாள்.