நண்டு மேசையில் அம்மா

அம்மா இருபத்திரண்டு வருடமாகக் கடல் உணவு கட்டி அனுப்பும் கூடத்தில் வேலை செய்கிறாள். முதல் பதினெட்டு வருடம் இறால் மேசை. நாள் முழுக்கப் பனிக்கட்டித் துகளுக்குள் கையை விட்டு இறாலை அளவு வாரியாகப் பிரிக்க வேண்டும். கடைசி நான்கு வருடமாக உயிர் நண்டு. அது ஒருவகையில் பதவி உயர்வுதான். அங்கே மட்டும்தான் உட்கார்ந்து வேலை செய்யலாம்.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். விலங்கியல் படித்துவிட்டு அதே கூடத்தில் தரப்பதிவாளராகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. அம்மா கட்டும் பெட்டிகளில் வெப்பமானியைக் குத்தி அளவை எழுதுகிறேன். இதற்குத்தான் படித்தேனா என்று கேட்டுக்கொள்வேன். 

கால்களைக் கட்டிய நண்டுகளை, ஈரத்துணி விரித்த தெர்மாக்கோல் பெட்டியில் அடுக்குவார்கள். மூச்சுக்குப் பக்கவாட்டில் நான்கு துளை. குளிருக்கு ஜெல் ஐஸ் பை. அந்தப் பை நேராக நண்டின் மேல் படக்கூடாது. பட்டால் விறைத்துச் செத்துவிடும். செத்த நண்டு சீக்கிரம் கெடும், பெட்டியோடு கொட்ட வேண்டியதுதான். அதனால் பையைக் காகிதத்தில் சுற்றித்தான் வைப்பார்கள்.

சுற்றுவது பக்கத்து மேசை. அங்கே இருப்பவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பேச்சு மும்முரத்தில் ஒன்றிரண்டு பைகளைச் சுற்றாமலே இரண்டு மேசைக்கும் நடுவில் இருக்கும் தொட்டியில் போட்டுவிடுவாள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நண்டு மேசைக்காரர்கள் கையில் எடுத்ததுமே வழுக்கலை வைத்துக் காகிதம் இல்லாத வெறும் பை என்று தெரிந்துகொண்டு அவள் பக்கமே வீசிவிடுவார்கள். பையை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. கண் நண்டின் கொடுக்கின் மேல் இருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை, வாங்கியவர்களிடமிருந்து ஒரு படம் வந்தது. திறந்த பெட்டி, மூன்று வெறும் பைகள், அவற்றின் அடியில் செத்த நண்டுகள். மூடியில் அம்மாவின் மேசை எண்.

சூப்பர்வைசர் படத்தையும் ஒரு படிவத்தையும் என்னிடம் நீட்டினார். "காரணம் எழுதிக் குடும்மா. உங்க அம்மா பொட்டிதான். பாத்து எழுது."

எதைப் பார்த்து என்று அவர் சொல்லவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் ரேடியோ தானாகவே வந்து நின்றாள். "நான்தான்க்கா சுத்தாம போட்டிருப்பேன், இல்லேங்கல. ஆனா நீதான் எப்பவும் என் மூஞ்சிலயே வீசுவியே, அன்னைக்கு ஏன் வீசல?"

"உன் மூஞ்சி அன்னைக்குப் பாவமா இருந்துச்சுடி" என்றாள் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். அம்மா டிபன் பாக்ஸ் மூடியை விரலால் அழுத்தாமல் இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தி மூடியதை நான் பார்த்தேன்.

மற்றவர்கள் போன பிறகு இரண்டு பைகளைக் கொண்டுவந்தேன். ஒன்று சுற்றியது, ஒன்று சுற்றாதது.

"கண்ணை மூடும்மா."

"எதுக்குடி? வாயில லட்டு வைக்கப் போறியா?"

"மூடேன்."

கையில் ஒன்றை வைத்தேன். "காகிதம்" என்றாள். ஆனால் அது வெறும் பை. மற்றதை வைத்தேன். கொஞ்ச நேரம் விரலை அதன் மேல் தேய்த்துப் பார்த்தாள். "இதுவும் காகிதம்தான்" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"எப்பலேர்ந்து?"

"போன மழைக்கு முன்னாடியே. கொஞ்சங்கொஞ்சமா."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவே, பட்டதாரி? விரலைக் கழட்டிட்டுப் புதுசு மாட்டுவியா?"

எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கையில் இருந்த படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் 'காரணம்' என்ற கட்டம் விரலளவுதான் இருந்தது.

"விரல் மரத்துப் போச்சுன்னு எழுதினா டாக்டர்கிட்ட அனுப்புவாங்க" என்றாள் அம்மா. "குளிர் வேலைக்கு லாயக்கில்லன்னு அவரு எழுதுவாரு. இங்க குளிராத வேலை எது இருக்கு? நேரா வீட்டுக்குத்தான். கவனக்குறைவுன்னு எழுது. அதுக்கு ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான்."

"நீயா கவனக்குறைவு?"

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள் இருந்துட்டுப் போறேன்."

"அடுத்த பொட்டிக்கு என்ன பண்ணுவே?"

"கண்ணு இருக்குல்ல."

எழுதினேன். நான் எழுதியதிலேயே மிக அழகான கையெழுத்து அதுதான் என்று நினைக்கிறேன். அம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, சொல்லிக்கொடுக்காமலே சரியான இடத்தில் கையெழுத்துப் போட்டாள். எச்சரிக்கையை ஒரு வாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். அதுவும் என் வேலைதான். நான்கு மூலையிலும் ஊசி குத்தினேன். அம்மாவைக் காப்பாற்றுகிறேனா, இல்லை சிரமமில்லாத பொய்யைத் தேர்ந்தெடுத்துக்கொண்டேனா? 

மறுநாள் அம்மா ஒவ்வொரு பையையும் கண்ணருகே தூக்கித் திருப்பிப் பார்த்துத்தான் பெட்டிக்குள் வைத்தாள்.

"என்னக்கா, பையில ஜோசியம் பாக்குறியா?" என்று கத்தினாள் ரேடியோ.

"போர்டுல படிக்கலையா? நான் கவனக்குறைவானவளாம். அதான் பாக்குறேன்."

வழக்கமாகச் சாப்பாட்டு நேரத்துக்குள் நாற்பது பெட்டி முடித்திருப்பாள். அன்று முப்பத்தொன்று. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டில் முப்பத்தொன்று என்று எழுதினேன். குறைந்ததற்குக் காரணம் கேட்டு ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் அடுத்த மேசைக்கு நகர்ந்தேன்.