சும்மா இருங்கண்ணே

"…அதுவும் வாயப் பொளந்துக்கிட்டு, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, தரையில. கடை மொதலாளி மாதிரியா இருக்கு? ரெண்டு மாசம் இத ஊரே பாக்கணுமாக்கும்" என்று பெரியப்பா காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார். அவரைத் தரையில் உட்கார வைத்த குற்றவாளியான நான் ஏலக்காய் மூட்டைக்குப் பின்னால் நின்றேன். அதைப் படம் எடுத்த குற்றவாளியான அத்தை மூட்டைக்கு முன்னால் நின்றாள். ஒளிய அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

போடி பஜாரில் எங்கள் குடும்பத்துக்கு ஏலக்காய்க் கடை. பெரியப்பாதான் நடத்தினார். அத்தை அவருக்கும் என் அப்பாவுக்கும் கடைசித் தங்கை. மதுரைக்குப் படிக்கப் போனவள் படிப்பு முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியபோது கழுத்தில் ஒரு கேமரா தொங்கியது. போனில் படம் எடுக்கிற பழக்கம் எல்லோர் கைக்கும் வந்திராத காலம். விசேஷ வீடுகளுக்கு ஆம்பளைகள்தானே கேமரா தூக்கிக்கொண்டு வருவார்கள், இவள் என்னத்தை எடுக்கப் போகிறாள் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். அவள் எடுத்தாள். கோழியை எடுத்தாள், தண்ணீர்க் குழாயை எடுத்தாள், என்னை எடுத்தாள். மாட்டேன் என்று சொல்லாத ஒரே ஆள் நான் என்பதால் என்னை நிறைய எடுத்தாள். எனக்கு அப்போது எட்டு வயது.

கடையில் பெரியப்பாவின் நாற்காலிக்குப் பின்சுவரில் ஒரே ஒரு ஆணி. அதில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் அத்தையின் ஜாதகம். வியாழக்கிழமை தவறாமல் கல்யாணத் தரகர் வந்து பையை இறக்கி, ஜாதகத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போவார். ஜெராக்ஸ் கடைக்காரருக்கு அத்தையின் கிரகங்களெல்லாம் மனப்பாடம். வழியில் பார்த்தால், குரு பார்வை நல்லாத்தான் இருக்கு, ஏன் தள்ளிப் போகுது என்று அவளிடமே விசாரிப்பார்.

அந்த வருடம் பஜார் வியாபாரிகள் சங்கத்தில் புதுக் காலண்டர் போட முடிவானது. வழக்கமான சாமி படத்துக்குப் பதிலாக நம் பஜாரில் தொழில் செய்கிறவர்களையே போடலாம், வேலை பார்க்கிறபடியே போடலாம், நான் எடுத்துத் தருகிறேன் என்று அத்தை தானே போய்க் கேட்டுவிட்டு வந்துவிட்டாள். ஆறு தாள், ஆறு பேர். கடைசித் தாளில் பெரியப்பா, அவர்தான் சங்கத்துச் செயலாளர் என்பதால். அவர் முடியாது என்று சொல்லவில்லை.

"செய்யி. நல்லா வந்துச்சுன்னா பாப்போம். வரலேன்னா கேமராப் பொட்டியத் தூக்கிப் பரண்ல வச்சிட்டு, தரகர் கொண்டாந்த பழனிசெட்டிபட்டி மாப்பிள்ளைக்குக் கழுத்த நீட்டிறணும். சரியாத்தா?"

அத்தை மஞ்சள் பையைப் பார்த்தாள். சரி என்றாள்.

முதலில் தையல்காரர். நாளைக்குப் படம் எடுக்க வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தது தப்பாகப் போயிற்று. அவர் மிஷினைத் துடைத்து, உறை போட்டு மூடி, அதன்மேல் ஒரு முழம் மல்லிகைச் சரமும் வைத்து, தன் கல்யாணக் கோட்டுக்குள் எப்படியோ நுழைந்துகொண்டு, மிஷினின் தோளில் ஒரு கை போட்டு நின்றிருந்தார். அவருடைய கல்யாணப் போட்டோவுக்கும் இதற்கும், பக்கத்தில் நிற்பது பெண்ணா மிஷினா என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

"சும்மா இருங்கண்ணே, எப்பவும் போல" என்றாள் அத்தை. அவர் அந்த ஒரு கையையும் எடுத்துவிட்டார்.

டீக்கடை மாஸ்டர், ஆவி வந்தால் முகம் மறைந்துவிடும் என்று காலிக் குவளையிலிருந்து காலிக் குவளைக்கு ஒன்றுமில்லாததை அரை ஆள் உயரத்துக்கு ஆற்றிக்கொண்டிருந்தார். சும்மா இருங்கண்ணே என்றதும் அடுப்பையும் அணைத்துவிட்டு நின்றார். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து பஜாரில் கடை போட்டிருந்த மலையாளத்துப் பல் டாக்டர், நாற்காலியில் வாயைத் திறந்து கிடந்தவரை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டார். காலண்டரை வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவார்கள், அங்கே போய் ஒருத்தருடைய கடைவாய் எதற்கு என்பது அவர் கட்சி. வெறும் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று தன் பல்லையே காட்டினார்.

மூன்று நாள் எடுத்த படங்களையும் அத்தை கேமராவின் சின்னத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். "எல்லாரும் ஒரே பஸ்ஸுக்கு நிக்கிறாக" என்றாள்.

விஷயத்தை உடைத்தவர் தையல்காரர்தான். அவரிடம் மறுபடி போய், அண்ணே, வேலை செய்கிற மாதிரி இருந்தால் நன்றாக இருக்குமே என்று அத்தை இழுத்தபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"நீதானத்தா சும்மா இருக்கச் சொன்ன? சும்மா இருன்னா மனுசன் சும்மாதான இருப்பான்."

அன்றோடு அத்தை அந்த வார்த்தையை விட்டாள். ஆளிடம் எதுவும் சொல்லக்கூடாது, வேலையை அவர் முன்னால் கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். அந்த வேலையாக என்னைத் தேர்ந்தெடுத்தாள்.

என் பள்ளிச் சீருடையின் தையலைப் பிளேடால் பிரித்து, மறுநாள் காலை என்னை மட்டும் தையல் கடைக்குள் அனுப்பினாள். அவர் துணியைத் திருப்பிப் பார்த்தார். இதை எந்தப் படுபாவி தைத்தான், இதுவும் ஒரு தையலா என்று ஆரம்பித்தார். நீங்கதான் மாமா, போன ஜூன்ல என்றேன். அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தவர், வாசலில் அத்தை பத்துப் படம் எடுத்து முடிக்கிறவரை தலை நிமிரவில்லை. டீ மாஸ்டருக்கு இவ்வளவு கூடத் தேவைப்படவில்லை. குமுளி பஸ் புறப்படுகிற நேரத்தில் இருபது பேர் டீ கேட்டபோது, கேமரா என்ன, யானையே வந்து நின்றிருந்தாலும் அவர் பார்த்திருக்க மாட்டார்.

பல் டாக்டரிடம் போகும்போது, சும்மா வாயைத் திறந்து காட்டினால் போதும் என்று அத்தை என்னிடம் சொன்னாள். அந்த வார்த்தையின் மேல் அவளுக்கு இன்னும் கொஞ்சம் நம்பிக்கை மிச்சம் இருந்திருக்கிறது. நான் திறந்தேன். டாக்டர் விளக்கை இழுத்துக் குனிந்தார். அவர் முகம் மலர்ந்தது. "ஆடுன்னுண்டல்லோ மோளே" என்றார். பல் ஆடுகிறதே மகளே என்று அர்த்தமாம்; நான் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள் பல் அவர் கையில் இருந்தது. மார்ச்-ஏப்ரல் தாளில் நீங்கள் பார்க்கிற அந்த ஆனந்தமான டாக்டருக்குக் கீழே, காற்றில் உதைத்துக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள் என்னுடையவை.

வாயில் பஞ்சும் கையில் பல்லுமாக எங்கள் கடைக்கு வந்தோம். மறுநாள் படங்களை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். மற்ற இரண்டு பேரையும் இதே மாதிரி எடுத்தாயிற்று, பெரியப்பா மட்டும் பாக்கி. அவர் கஞ்சி போட்ட சட்டையில், சந்தனப் பொட்டோடு, முழங்காலில் இரண்டு கையையும் வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே ஆணியில் மஞ்சள் பை. அத்தை கேமராவைத் தூக்கினாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள். அவரிடம் எந்த வேலையைக் கொண்டுபோய்ப் போடுவது? அவர் வேலை எல்லோரையும் வேலை வாங்குவது. நான் சும்மாதான இருக்கேன், எடேன் என்றார் அவர். அத்தையின் கண் ஒருமுறை பைக்குப் போய்விட்டுக் கீழே இறங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அழப் போகிறாள் என்று நினைத்து, என் பல்லைக் காட்டிச் சிரிக்க வைக்கலாம் என ஓடினேன். அங்கே இரண்டு முறம் இருந்தன. ஒன்றில் எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள ஏலக்காய், பெருங்காய், முதல் தரம். இன்னொன்றில் ஆறு மில்லி, பொடிக்காய். நான் தடுக்கி விழுந்ததில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

"ஏ பிள்ள, கண்ணு என்ன பொடதிலயா இருக்கு?"

கத்திக்கொண்டே பெரியப்பா நாற்காலியிலிருந்து குதித்தார். வேட்டியை மடித்துக் கட்டித் தரையில் உட்கார்ந்தார். திட்டுவது நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை. வலது கை பெருங்காயை ஒரு பக்கம் விசிறியது, இடது கை பொடிக்காயை இன்னொரு பக்கம் தள்ளியது. கண் என்னை முறைத்துக்கொண்டிருந்தது. கையைப் பார்க்கவே இல்லை. நடுவில் ஒன்றை முகர்ந்து, கடித்து, துப்பிவிட்டுத் திட்டைத் தொடர்ந்தார். காய் பொறுக்குகிற பெண்கள் உதவிக்கு வந்தவர்கள், அந்த வேகத்துக்குள் கை நுழைக்க முடியாமல் விலகி நின்றார்கள். "சின்னதுல எங்ககூடத்தான உக்காந்து பொறுக்குனாக. கை மறக்கல பாரு" என்றாள் அவர்களில் மூத்தவள். அத்தை எனக்கு அடிபட்டதா என்று கூடப் பார்க்கவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

அந்தப் படம்தான் நவம்பர்-டிசம்பர் தாள்.

புது வருடம் பிறந்த அன்று கடைக்குக் காலண்டர் கட்டு வந்தது. பெரியப்பா தையல்காரரைப் பார்த்துச் சிரித்தார். டாக்டருக்குக் கீழே இருக்கும் கால்கள் யாருடையவை என்று கேட்டார். கடைசித் தாளுக்கு வந்ததும்தான் முதலாளி மாதிரியா இருக்கு என்று பிடித்துக்கொண்டார்.

"வேலை பாக்கும்போது நீங்க இப்படித்தாண்ணே இருப்பீக" என்றாள் அத்தை. குரல் மூட்டையைத் தாண்டவில்லை.

பெரியப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அந்தத் தாளை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு எழுந்து, ஆணியிலிருந்து மஞ்சள் பையைக் கழற்றி, வீட்டு பீரோவில் கொண்டுபோய் வைக்கும்படி என்னிடம் கொடுத்தார். நான் அத்தையைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏலக்காய்த் தூசி எனக்கும் உறுத்தியது. கடையில் இருப்பதோ ஒரே ஆணி, காலண்டரை அவர் வேறு எங்கேதான் மாட்டுவார் என்று நினைத்துக்கொண்டு, பையைச் சுழற்றியபடி கிளம்பினேன். அடுத்த வியாழக்கிழமை தரகர் எதைத் தேடுவார் என்ற யோசனை எனக்கு வரவில்லை.

வாசலில் நின்று திரும்பினேன். பெரியப்பா முதல் ஐந்து தாளையும் பின்னால் மடித்து, நவம்பர்-டிசம்பர் முன்னால் தெரிகிற மாதிரி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். பெரியப்பா, இது ஜனவரி என்று பல் இல்லாத ஓட்டை வழியாகச் சொன்னேன். அவர் காது கேளாதவர் போலக் காலண்டரின் கோணலை நேராக்கிவிட்டு, அதற்குக் கீழே நாற்காலியில் போய் உட்கார்ந்து, முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.