பல்லுக்காரர் வண்டி

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் தெருவுக்கு அவர் பல்லுக்காரர். பல் வைத்தியர் இல்லை. வைத்தியர் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல் செட் செய்து கொடுப்பவர். அந்தத் தெருவில் வயதானவர்கள் யாராவது வாய்விட்டுச் சிரித்தால், தெரிவது பெரும்பாலும் அவருடைய கைவேலைதான். மயிரிழை இடைவெளியைக்கூடப் பொறுக்கமாட்டார். ஓட்டை என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதை அடைத்து, ராவி, பளபளவென்று தேய்த்து, இங்கே ஓட்டை இருந்தது என்று சத்தியம் செய்தாலும் நம்பாதபடி ஆக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

அப்படிப்பட்டவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. அவர் வேலை பார்த்த பட்டறையின் முதலாளி நல்ல மனிதர். “கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க அண்ணே” என்றார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே முடியாது என்பது இருவருக்கும் தெரியும். சாமான்களை ஒரு துணியில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

வந்தவர் சும்மா இருந்தாரா? ஒழுகாத குழாயைக் கழற்றி ஒழுக வைத்தார். ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைப் பிரித்து மாட்டினார். அது கோபித்துக்கொண்டு நின்றுவிட்டது. மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்தபோது, கொல்லையில் கொடி படர்ந்து கிடந்த பழைய மோட்டார் சைக்கிளை எடைக்குப் போடப் பார்த்தார். அதைக் கேட்டு வாங்கி, ஆள் வைத்துத் தள்ளிவந்து, வீட்டுக்குப் பின்னாலிருந்த ஓட்டு அறையில் நிறுத்தினாள்.

“இந்தாங்க. இதை என்ன வேணா பண்ணுங்க. இல்லன்னா அடுத்து என்னையே கழட்டி மாட்ட ஆரம்பிச்சிடுவீங்க.”

வண்டியா அது? துருவுக்குச் சக்கரம் முளைத்த மாதிரி இருந்தது. சக்கரமும் சுற்றவில்லை. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. பல்லுக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். “மோசமில்ல. வேர் நல்லாத்தான் இருக்கு” என்றார். பல்லைச் சொல்கிறாரா, வண்டியைச் சொல்கிறாரா என்று மனைவி கேட்கவில்லை. அவர் முகத்தில் அப்படியொரு களையைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. அதுவே போதுமென்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மகள் போன் செய்தாள். போன முறை வந்திருந்தபோது அப்பா கையிலிருந்து கண்ணாடி டம்ளர் நழுவி விழுந்ததை அவள் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து ஒரே பாட்டு. அந்த வீட்டைக் கொடுத்துவிட்டு அவளுடைய அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அறைகூடத் தயாராக இருக்கிறது.

“அங்க வந்து நான் என்னம்மா பண்ணுவேன்?”

“இங்க மட்டும் என்னப்பா பண்றீங்க?”

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. வீறாப்பில் வாயைக் கொடுத்தார். “ஒரு வண்டி ரெடி பண்றேன். நீ வர்றப்போ அது பாலம் வரைக்கும் நிக்காமப் போயிட்டு வரும். வரலன்னா அன்னைக்கே உன்கூடப் புறப்பட்டு வந்துடறோம். போதுமா?”

மகள் பிடித்துக்கொண்டாள். “சொன்ன சொல் மாறக்கூடாதுப்பா.”

போனை வைத்ததும் மனைவி பிடிபிடியென்று பிடித்தாள். “வீட்டைப் பணயம் வச்சு யாராவது பந்தயம் கட்டுவாங்களா? அதுவும் இந்தத் துருவை நம்பி?” அவளுக்கும் அந்த வீட்டை விட்டுப் போக மனமில்லை. திட்டி முடித்துவிட்டுப் புடவையை இழுத்துச் செருகினாள். “சரி, கம்பி பிரஷ் எங்க இருக்கு?”

அன்றிலிருந்து இருவரும் அந்த அறையே கதியென்று கிடந்தார்கள். இறுகிப்போயிருந்த பிஸ்டனுக்கு நாள்தவறாமல் எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, ஒருநாள் அது அசைந்தபோது இரண்டு பேரும் குழந்தை முதல் அடி வைத்ததைப் பார்த்தவர்கள்போல் கூச்சல் போட்டார்கள். கார்புரேட்டரின் ஊசித்துளைகளைப் பல் செட் கருவிகளாலேயே சுத்தம் செய்தார். உடைந்துபோன சோக் பிடிக்கு மெழுகில் அச்செடுத்து, ஈறு செய்யும் ரோஸ் நிறப் பொருளிலேயே புதுசு வார்த்துவிட்டார். “வண்டிக்கு ஈறு வச்ச முதல் ஆளு நீங்கதான்” என்று மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் தொழிலில் பழகிய வழக்கம் ஒன்று இருந்தது: கருவியைப் பிடிக்கும்போது சுண்டுவிரலைச் செய்யும் பொருள்மேலேயே ஊன்றிக்கொள்வது. விரல் ஊன்றிவிட்டால் நடுக்கம் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காத நாளில் எழுந்துபோய்க் கொல்லையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார்.

பெட்ரோல் டேங்கின் அடியில் துரு தின்ற பொடி ஓட்டைகள் இருந்தன. நன்றாகக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றாக ஈயம் வைத்து அடைத்தார். அதே கையோடு டேங்க் மூடியையும் எடுத்து முடித்துவிட்டார். தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

வண்டியை உதைத்துக் கிளப்பும் வேலை மனைவியுடையது, அவருக்கு முட்டிவலி. முதல்நாள் அவள் காலைத் தூக்கியபோதே, “இத்தனை வருஷமா யாரையோ உதைக்கணும்னு ஆசையா இருந்துச்சு” என்றாள். அந்த உதையில் வண்டி இருமியது, புகைத்தது, கிளம்பிவிட்டது. அறைக்குள் நின்றபடி டேங்க் மூடியைக்கூட மாட்டாமல் கொஞ்சமே ஊற்றியிருந்த பெட்ரோலில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை.

மகள் வந்து சேர்ந்தாள். மடித்த அட்டைப்பெட்டிகளையும் ஒரு கட்டாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தாள், மூட்டை கட்டுவதற்கு. பல்லுக்காரர் அந்தக் கட்டைக் காலால் ஓரமாகத் தள்ளினார். டேங்க் நிறைய பெட்ரோல் ஊற்றி, மூடியை இறுக்கித் திருகினார். மனைவி ஓர் உதை விட்டுப் பின்னால் ஏறிக்கொண்டாள். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. கறுப்புப் பெயின்ட் வெயிலில் மின்ன, வண்டி படபடவென்று முனை திரும்பியது.

பால் பண்ணையைத் தாண்டியதும் ஒரு விக்கல் எடுத்து நின்றுவிட்டது.

பல்லுக்காரருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தார். நிறைய இருந்தது. மூடினார். மனைவி உதைத்தாள், கிளம்பியது. கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நின்றது. மறுபடி திறந்து பார்த்து மூடினார், மறுபடி கிளம்பியது. பாலத்தருகே மூன்றாவது முறை.

“ஏங்க, நீங்க மூடியைத் திறக்கறப்பல்லாம் உஸ்ஸுன்னு காத்து உள்ள போகுது. கேட்டீங்களா? அதுக்கப்புறம்தான் கிளம்புது. மூச்சு முட்டுது போல இதுக்கு.”

பல்லுக்காரர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்ரோல் கீழே இறங்க இறங்க மேலே காற்று போக வழி வேண்டாமா? அதற்கென்றே மூடியில் ஊசிமுனை அளவு துளை வைத்திருந்தார்கள். அது துருவின் வேலை என்று நினைத்து, ஈயம் வைத்து அடைத்த புண்ணியவான் அவர்தான். உலகத்தில் வேறு எவன் கையில் கிடைத்திருந்தாலும் அந்தத் துளை பிழைத்திருக்கும்.

“அடைச்சிட்டேன். பல்லுன்னு நெனச்சு அடைச்சிட்டேன்டி!”

மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மூடியைத் தளர்த்தி, சுற்றிலும் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பினார்கள். வழியில் அவள் காதோரம் சொன்னாள். “நின்னதைச் சொல்லாதீங்க. அவ என்ன பார்த்தாளா?”

ஆனால் வாசலில் மகளைப் பார்த்ததும் பொய் வரவில்லை. “தோத்துட்டேம்மா. மூணு தடவை நின்னுடுச்சு. தப்பு என்னோடதுதான்” என்று நடந்ததைச் சொன்னார். “உன்கூட வர்றோம். ஆனா ஓட்டையை அடைச்சவன் நானு. திறந்து வச்சிட்டுத்தான் வருவேன்.”

மகள் அவர் பின்னாலேயே ஓட்டு அறைக்கு வந்தாள். மூடியைக் கழுவித் துடைத்து மேஜையில் வைத்தார். துளை எங்கே இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அவ்வளவு நேர்த்தியாகத் தேய்த்திருந்தார்.

“வேற எங்கயாவது ஒண்ணு போட்டா ஆகாதாப்பா?”

“இருந்த இடத்துலதான் இருக்கணும்.”

பூதக்கண்ணாடி வைத்து, நகத்தால் தடவித் தடவிக் கண்டுபிடித்தார். மெல்லிய துளைக்கருவியை எடுத்தார். கை நடுங்கியது. மகள் இருக்கிறாள் என்பதால் கூடுதலாகவே நடுங்கியது. அவள், “நான் பிடிக்கட்டுமா?” என்று வாயெடுத்தாள். அதற்குள் சுண்டுவிரல் மூடியின் விளிம்பைத் தேடிப்போய் ஊன்றிக்கொண்டது. கருவியின் முனை அசையாமல் நின்றது. பொடிப்பொடியாக ஈயம் வெளியே வந்தது. மூடியை விளக்குக்கு நேரே பிடித்தார். துளை வழியாக ஒரு பொட்டு வெளிச்சம் வந்தது.

மகள் மூடியை வாங்கி, அந்தத் துளையில் வாய்வைத்து ஊதிப் பார்த்தாள். பிறகு தானே கொண்டுபோய் டேங்கில் திருகினாள்.

“அம்மா, ஒரு உதை விடுங்க. இந்தத் தடவை அப்பா பின்னாடி நான் உக்காந்து போறேன்.”

பால் பண்ணை தாண்டியது. பாலம் வந்தது. வண்டி நிற்கவில்லை. பழைய எஞ்சினின் அதிர்வில் கைப்பிடி, கண்ணாடி, ரோஸ் நிறப் பிடி எல்லாமே கிடுகிடுவென்று ஆடின. அவர் தோளைப் பற்றியிருந்த மகளின் கையும் ஆடியது. அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு சத்தத்தை மீறிக் கத்தினாள்.

“அப்பா, என் கையும்தான் நடுங்குது!”

“பாலம் வந்துடுச்சும்மா. திரும்பட்டுமா?”

“வேணாம். நேராப் போங்க. நான் கொண்டுவந்த அட்டைப்பெட்டியில எல்லாம் அம்மா நட்டு போல்ட்டைப் போட்டு வச்சிக்கட்டும்.”