ஷட்டருக்கு உள்ளே மேரி அக்கா

மேரி அக்கா இறந்துவிட்டார். இன்று காலை நெஞ்சு வலி... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

செஞ்சியில் பலருக்கு அவர் முகம் தெரியும், பெயர் தெரியாது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் எங்கள் போன் சர்வீஸ் சென்டரில் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தாரே... அவர்தான். நான் உள்ளே டெக்னீஷியன்.

அந்த போன் மாடல் ஞாபகம் இருக்கிறதா? பேசிக்கொண்டிருக்கும்போதே டவர் போய்விடும். யூடியூபில் பாதிப் பேர், "ஹார்டுவேர் கோளாறு, ஆன்டெனாவே தப்பு" என்றார்கள். மீதிப் பேர், "சாஃப்ட்வேர்தான், சரியாகிவிடும்" என்றார்கள்.

கம்பெனியும் சாஃப்ட்வேர் என்றது. ஹார்டுவேர் என்றால் போனையே மாற்றித் தர வேண்டுமே.

"அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும்." கஸ்டமரிடம் இதை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு உத்தரவு. நாள் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டிருந்தவர் அக்காதான்.

அவர் வைத்திருந்ததும் அதே மாடல். வீட்டுக்குப் பேச வேண்டுமென்றால் கடைக்குப் பின்னால் போய், கஸ்டமர் யாரும் பார்க்காமல் முந்தானையில் மறைத்துப் பேசுவார். பாதியில் கட் ஆகும். திரும்பி வந்து உட்கார்ந்து, அடுத்தவரிடம் அதே வரியைச் சொல்வார்.

ஒரு நாள் சிங்கவரத்திலிருந்து ஒரு விவசாயி அதே மாடல் போனோடு வந்தார். வெளியூரில் மகளுக்குப் பிரசவ வலி. மருமகன் விடாமல் கூப்பிட்டிருக்கிறார், இவருக்கு ஒரு போன்கூட வரவில்லை. விஷயம் தெரிந்து இவர் போய்ச் சேருவதற்குள் குழந்தையைப் புதைத்துவிட்டார்கள்.

"ஆர்டுவேரோ சாஃப்ட்டுவேரோ, எனுக்குத் தெரியாதும்மா. பேரப்புள்ள மொவத்தக்கூட நான் பாக்கல. இதுக்கு இன்னா பதில் சொல்ற?"

"அடுத்த அப்டேட்ல..." என்று ஆரம்பித்தார் அக்கா.

கேட்டுக்கொண்டிருந்த மற்ற கஸ்டமர்களுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வெளியே போய் ஷட்டரை இழுத்து மூடிவிட்டார்கள். உள்ளே அக்கா, நான், அந்தப் பெரியவர். கரண்ட் வேறு இல்லை.

"ஆர்டுவேர்னு ஒத்துக்க, அப்பதான் தொறப்போம்!" என்று தகரத்தில் அடிக்கிறார்கள்.

கடை லேண்ட்லைனில் மேனேஜரைப் பிடித்தேன். "சாஃப்ட்வேர்னு மட்டும் சொல்லுங்க. வேற வார்த்த வந்துது, ரெண்டு பேருக்கும் வேலை இருக்காது." வைத்துவிட்டார்.

அக்காவுக்கு வேர்த்துக் கொட்டியது. "நீதானடா பிரிச்சுப் பாக்குற... நெசமா இன்னா அது?"

"தெரியலக்கா. சிலது போர்டு மாத்துனா சரியாவுது. சிலது அப்டேட்ல சரியாவுது. சிலது எதுலயும் ஆவல."

அக்கா ஷட்டர் கிட்டே போய் சத்தமாகச் சொன்னார்.

"எங்களுக்கே தெரியலங்க! கம்பெனி சொல்லச் சொன்னதத்தான் சொல்லினு இருந்தேன். எம்போனும் இதேதான்... எனக்கும் டவர் நிக்கல!"

அடி நின்றது. ஷட்டரை மேலே தூக்கினார்கள்.

ஆனால் யாரோ வீடியோ எடுத்திருந்தார்கள். மூடிய ஷட்டரும் அவர் குரலும்... அவ்வளவுதான் அதில். "ஊழியரே ஒப்புதல்!" என்று ஹார்டுவேர் ஆட்கள் ஷேர் செய்தார்கள். "காசு வாங்கிட்டுப் பேசுறா" என்று சாஃப்ட்வேர் ஆட்கள் திட்டினார்கள். அவர் இரண்டையுமே சொல்லவில்லை என்பது யார் காதிலும் விழவில்லை.

அந்த வாரமே அக்காவுக்கு வேலை போனது. எனக்குப் போகவில்லை.

பிறகு ஒரு துணிக்கடையில் சேர்ந்தார். அங்கேயும் விடவில்லை. "நீதான அந்த ஆர்டுவேரு அக்கா?" என்று கேட்டு செல்ஃபி எடுக்க வருவார்கள். புடவையை மடித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

போன மாதம் மார்க்கெட்டில் பார்த்தேன்.

"இன்னும் அங்கதான் கீறியாடா?"

"ஆமாக்கா."

"வேற பாத்துக்க தம்பி. எத்தினி நாளுக்கு..."

பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டார்.

சாயங்காலம் அடக்கம். லீவு கேட்டேன், தரவில்லை.

இருந்தாலும் வரேன்க்கா.